கத்தியைக் கையில் கொடுத்தவள்

பயப்படாத பாப்பா. கொய்யாக்காய் அரியத்தான் கத்திய எடுத்தேன். அதுக்குள்ள ஜன்னலோட ஜன்னலா ஒட்டிக்கினியே. உன்னை என்ன பண்ணப்போறேன்? நீ யாரோ, நான் யாரோ. பண்ணவேண்டியவ ஒருத்தி இருக்கா, அவ ஊட்டுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். திருப்பத்தூருக்கு முன்னாடி ஒரு கூட்ரோடு வரும், பெரிய புளியமரம் நிக்கும், அங்க எறங்கணும். தூங்கிட்டேன்னா எழுப்பிவிடு. தூங்கமாட்டேன். இவ்ளோ வஞ்சத்த வயித்துல வச்சுக்கினு எவளுக்குத் தூக்கம் வரும்?

இந்தா, ரெண்டு துண்டு எடுத்துக்க. உப்பு மிளகாத்தூள் இந்தப் பேப்பர்ல இருக்குது. என்ன, கத்தியப் பாக்கணுமா? பாரு, தாராளமா பாரு. ஏய், கைய நீட்டாத! சீட்டுல வைக்கிறேன், நீயா எடுத்துக்க. எங்க பக்கம் கத்தி, ஊசி, மிளகா இதெல்லாம் கைக்குக் கை குடுக்கமாட்டோம். குடுத்தா ரெண்டு பேருக்கும் சண்டை வந்துரும். கீழ வச்சு எடுத்துக்கினா ஒண்ணும் இல்ல. உங்க ஊட்டுல சொல்லலியா? காலேஜ் போற புள்ளைங்களுக்கு யாரு இதெல்லாம் சொல்றாங்க. ஞாபகம் வச்சுக்க. அந்தப் பாவி அதைத்தான் பண்ணா. கத்திய என் கையில குடுத்தா.

எனக்கு மாங்கன்னு ஒட்டு கட்டுற வேலை. போச்சம்பள்ளி பக்கம் நர்சரி நெறைய, கேள்விப்பட்டிருப்ப. நாட்டு மாங்கொட்டைய மொளைக்க வச்சு, அந்தக் கன்னு பென்சில் மொத்தம் வந்ததும் தலைய வெட்டிட்டு, தண்ட நடுவுல பொளக்கணும். நல்ல மரத்துக் குச்சிய ஆப்பு மாதிரி சீவி அந்தப் பொளவுல சொருகி, பிளாஸ்டிக் நாடாவால இறுக்கிக் கட்டிடணும். ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கினா ஒட்டு புடிச்சிருச்சுன்னு அர்த்தம். ஜோடி ஜோடியா உக்காருவோம். ஒருத்தி வெட்டுவா, எதுர்ல உக்காந்திருக்கிறவ கட்டுவா. வெட்டுறவதான் பெரியவ. அவ பேர் சொல்லித்தான் ஜோடியக் கூப்பிடுவாங்க. 'மாதம்மா ஜோடி எங்க'ம்பாரு மொதலாளி. மாதம்மா நான்தான். என் எதுர்ல உக்காந்து கட்டுனவ பேரு உண்ணாமலை. என்னை விட எளையவ. அக்கா அக்கான்னு என் முந்தானைய விடாம சுத்துவா. அப்ப நான் வெகுளி, நம்பிட்டேன்.

வெட்டுறவ கத்திய இன்னொருத்தி தொடமாட்டா, அது ஒரு மொறை. மடக்குக் கத்திதான். சாயங்காலம் மடக்கி மடியில சொருகிக்கினு ஊட்டுக்கு வந்துருவோம். அந்தக் கத்திக்கு ரெண்டு விசயம் சரியா இருக்கணும். மூடியிருக்கிறப்ப தானா தொறக்கக் கூடாது. தொறந்திருக்கிறப்ப தானா மூடக் கூடாது. அவ்ளோதான். அந்த அவ்ளோவுக்குள்ள என் விரலே போயிருச்சு.

உள்ளார எட்டிப் பாரு. பிடிக்குள்ள ஒரு பக்கமா மெல்லிசா ஒரு தகடு தெரியுதா? அலக முழுசா தொறந்ததும் அந்தத் தகடு குறுக்க வந்து, அலகோட அடியில முட்டுக்குடுத்து நின்னுக்கும். அதுதான் பூட்டு. மடக்கணும்னா பெருவிரலால தகட்டத் தள்ளிட்டு மடக்கணும். அதே தகட்டுல கடுகு மாதிரி ஒரு குண்டு இருக்குது. மூடியிருக்கிறப்ப அந்தக் குண்டு அலகுல இருக்கிற குழியில உக்காந்து, அலகு வெளிய வராம புடிச்சுக்கும். தகடு வெறப்பா இருந்தா தொறக்கவும் கஷ்டம், மடக்கவும் கஷ்டம். தகட்டத் தளத்துனா தொறக்கிறது சுளுவு. ஆனா பூட்டும் சேந்து தளந்துரும். ரெண்டும் ஒரே தகடு ஆச்சே. இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது. வெட்டத் தெரியும், அவ்ளோதான். பழி வாங்கறதுக்காகத்தான் பின்னாடி கத்துக்கினேன்.

என் கத்தி வெறப்பு. சந்தையில வாங்குறப்பவே காதர் பாய் சொன்னாரு. சாணை புடிக்கிறவரு, கத்தியும் விப்பாரு. 'ஆம்பளைங்களே தொறக்க முக்குறாங்கம்மா, வேற ஒண்ணு எடுத்துக்க'ன்னாரு. அந்த வார்த்தைக்காவே அதை வாங்குனேன். நகத்தை அலகுல குடுத்து இழுத்தா நகம் பேந்துக்கினு வரும். வரட்டுமே. என் கத்திய என்னைத் தவிர ஒருத்தியும் தொறக்க முடியாது. எனக்கு அது பெருமையா இருந்துச்சு, இருக்கக் கூடாதா?

இவளுக்கு அது பொறுக்கல. 'அக்கா, நகத்துல ரத்தம் வருதுக்கா. பாய் கிட்டக் குடுத்து கொஞ்சம் தளத்திக்கக்கா.' காலையில ஒரு தடவ, சோத்து நேரத்துல ஒரு தடவ. நான் கேக்கல. அந்த ஆடியில ஒட்டு கொஞ்சம் காஞ்சு போச்சு. மொதலாளி வந்து ஏன் காஞ்சுதுன்னு கேட்டாரு. இவ சரியா இறுக்கிக் கட்டலன்னு சொன்னேன். பின்ன, என் வெட்டுல கொறை இருக்குமா? அதுக்கு இவ சொல்றா பாரு, எல்லார் முன்னாடியும், 'அக்காவுக்கு நகம் பேந்து போயிருக்குதுங்க, வலியோட வெட்டுறாங்க, அதான் சீவல் ஒழுங்கா வரல. வேற கத்தி வாங்கிக்குடுங்க'ன்னு. கேட்டியா? என் வேலை ஒழுங்கா வரலன்னு மொதலாளி கிட்டயே போட்டுக்குடுத்துட்டு, எனக்குப் பரிஞ்சு பேசுற மாதிரி ஒரு மூஞ்சி.

அன்னையோட அவ கூட பேச்ச நிறுத்திட்டேன். எதுரெதுர்ல முட்டிக்கு முட்டி உக்காந்துக்கினு ஒரு வார்த்தை பேசாம வேலை செஞ்சிருக்கியா நீ? நான் செஞ்சேன். மாங்கன்ன வெட்டி, குச்சியச் சொருகி நீட்டுவேன். அவ வாங்கிக் கட்டுவா. 'சாப்டியாக்கா'ம்பா. நான் மேல கட்டியிருக்கிற பச்சை வலையப் பாத்துக்கினு இருப்பேன். 'வெயில் அந்தாண்ட விழுது, இப்படித் தள்ளி உக்காருக்கா'ம்பா. நான் வெயில்லயே உக்காருவேன். அவளுக்கு உறைக்கட்டும்னு.

ஒரு சனிக்கெழமை மழை புடிச்சுக்கினு ஊத்துச்சு. ஓடுன ஓட்டத்துல கத்திய நாடா டப்பாவுல போட்டுட்டு வந்துட்டேன். திங்கக்கெழமை போய்ப் பாக்கறேன், டப்பாவுல கத்தி இல்ல. அவ வரா, அவ மடியிலேர்ந்து என் கத்திய எடுக்கறா! ஒருத்தி கத்திய இன்னொருத்தி மடியில வச்சுக்கினு வரலாமா? ஞாயித்துக்கெழமை சந்தைக்கு எடுத்துக்கினு போயிருக்கா. என்னைக் கேக்காம. நேரா என் முன்னாடி வந்து, என் கையப் புடிச்சு, உள்ளங்கையில வச்சு, என் விரலையெல்லாம் மடக்கி வேற விட்டா. கைக்குக் கை! கீழ வைக்கத் தெரியாதா அவளுக்கு? நல்லாத் தெரியும். அவளும் எங்க பக்கத்துல பொறந்தவதான்.

வாயில என்னமோ சொல்லிக்கினே குடுத்தா. 'அக்கா, நல்லா கேட்டுக்க, இப்படிப் புடி, பாய் சொன்னாரு, இந்த வாரம் பொளக்கறப்ப ஆட்டாத, பின்பக்கம் அழுத்தாத, தகடு...' என்னமோ. நான் காதுல வாங்கல. பேச்சே இல்லாதவ சொல்றத எதுக்குக் கேக்கணும்? அவ பேசப் பேச நான் அந்தாண்ட திரும்பிக்கினு, பக்கத்து ஜோடிக்காரி கிட்ட ரேஷன் கடையில பாமாயில் வந்துச்சான்னு சத்தமா கேட்டேன். அவ வாய் அப்படியே நின்னு போச்சு.

கத்தி என்னமோ வெண்ணெயா தொறந்துச்சு. நெசமா சொல்றேன், ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு. அதை நெனைச்சாத்தான் எனக்கு இன்னும் எரியுது.

மத்தியானத்துக்கு முன்னாடி ஒரு மொத்தமான கன்னு வந்துச்சு. பொளந்தேன். அலகு தண்டுல மாட்டிக்கிச்சு. எப்பவும் ஆட்டி எடுக்கற மாதிரி ஆட்டுனேன். ஆட்டுனதும் தகடு வழுக்குச்சு. அலகு மடங்கி வந்து ஆள்காட்டி விரல் மேல உக்காந்துச்சு. வலி உடனே தெரியல. கன்னு மேல ரத்தம் சொட்டுது, யாரு ரத்தம்னு பாக்கறேன், என்னுது.

அவ என்ன பண்ணா தெரியுமா? கத்தல, அழல. நாடா எடுத்தா, என் விரலச் சேத்துப் புடிச்சு, ஒட்டுக் கட்டுற மாதிரியே கீழேர்ந்து மேல சுத்தி இறுக்கிக் கட்டிட்டா. மாங்கன்னா நான்? என்னை ஒட்டுச்செடி கட்டுற மாதிரி கட்டி, ஆட்டோவுல போட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனா. டாக்டரு, 'யாரு கட்டுனது, நல்ல வேலை பண்ணாங்க'ன்னாரு. எனக்கு எப்படி இருந்திருக்கும்? வெட்டுனவளுக்கே பாராட்டு. தையல் போட்டாங்க, ஆறுச்சு. ஆனா விரல் மடங்கல. இதோ பாரு. கம்பி மாதிரி நீட்டிக்கினு நிக்குது. கும்புட்டாலும் ஒருத்தர சுட்டிக் காட்டுற மாதிரியே இருக்கும். சாமி கும்புடறப்ப கூட அவ வீடு இருக்கிற பக்கம் பாத்து நின்னுக்குவேன், காட்டட்டும்னு.

விரல் மடங்கலன்னா கத்திய இறுக்கிப் புடிக்க முடியாது. வேற எந்தக் கத்திய பெருவிரலால தள்ளுனாலும், தொறக்கறதுக்குப் பதிலா கையிலயே சுத்துது. என்னோட இடம் போச்சு. மொதலாளி உண்ணாமலைய வெட்டச் சொன்னாரு. அதோட அவ ஒரு வார்த்தை சொன்னா பாரு, 'அக்கா எனக்குக் கட்டட்டுங்க, வேற ஜோடிக்கு அனுப்பாதீங்க'ன்னு. என்னை எதுர்ல உக்கார வச்சு வேடிக்கை பாக்கணும் அவளுக்கு. நாடாவ சுத்தறதுக்கும் இந்த விரல் வேணுமே, நான் மெதுவாத்தான் கட்டுவேன். அவ அதுக்குத் தகுந்தாப்பல வெட்டறத மெதுவாக்கிக்கினா. ஊரே பாக்குது, மாதம்மாவால உண்ணாமலை ஜோடி பின்தங்குதுன்னு. வேகமா வெட்டிப்போட்டு என்னைத் திட்டியிருந்தா கூட மனசு ஆறியிருக்கும்.

அப்பத்தான் முடிவு பண்ணேன். அவ விரல வாங்கணும். விரல் வேணாம், வயிறு. அவ மடியிலதான கத்திய வச்சிருக்கா? அந்தக் குண்டு பிடிய விட்டுட்டா, குனிஞ்சு நிமிர்ற ஒரு நாள்ல அலகு தானா வெளிய வரும். என்ன அப்படிப் பாக்கற? கோவம்னா அப்படித்தான். உனக்கு இன்னும் வயசு ஆகல.

சந்தைக்குப் போய் காதர் பாய் கிட்ட நைசா பேச்சுக் குடுத்தேன். பாய், இது எப்படி வேலை செய்யுது, அந்தத் தகட்ட எப்படித் தளத்துறதுன்னு. மனுசன் வெகுளி, பிரிச்சே காட்டுனாரு. 'பிடியிலேர்ந்து இப்படி லேசா வெளிப்பக்கம் நெம்புனா தளந்துரும். மயிரிழை தப்புனாலும் பூட்டும் சேந்து போயிரும்மா. உன் கத்திய தளத்துறப்பவே உண்ணாமலை கிட்ட சொல்லி அனுப்புனேன், புது தகடு வர வரைக்கும் ஒரு வாரம் பின்பக்கம் அழுத்த வேணாம்னு. சொல்லுச்சில்ல?' அப்படின்னாரு. சொல்லுச்சு, சொல்லுச்சுன்னு தலைய ஆட்டிட்டு வந்துட்டேன். அவரு கிட்ட எதுக்கு வம்பு? எப்படிச் சொல்லணுமோ அப்படிச் சொல்லியிருக்கணும். பேசாதவ கிட்ட சொன்னா சொன்னதாகுமா?

சோத்து நேரத்துல அவ கை கழுவத் தொட்டிக்குப் போவா. கத்திய தட்டுக்குப் பக்கத்துல வச்சுட்டுத்தான் போவா. கொண்டை ஊசிய விட்டு நெம்பிட்டேன். அன்னிக்கெல்லாம் எனக்குச் சோறு எறங்கல. அவ ஒவ்வொரு தடவ குனியறப்பவும் அவ மடியையே பாத்துக்கினு இருக்கேன். ஒண்ணும் ஆகல. மறுநாள் காலையில வந்தா, வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கத்திய எடுத்தா. மூடுன கத்திய தலகீழா புடிச்சுக் குலுக்குனா. அலகு சரக்குனு வெளிய வந்துச்சு. தொறந்து, முதுகுப் பக்கத்த கட்டையில தட்டிப் பாத்தா. 'ஐயோ அக்கா, என் கத்தியும் உன்னுது மாதிரியே ஆயிருச்சு பாரேன். நல்ல வேளை பாத்தேன்'னா. என் விரல் போன நாள்லேர்ந்து தெனம் காலையில இப்படிக் குலுக்கித் தட்டிப் பாக்கிற பழக்கமாம். எனக்கு நேந்ததுல அவ பொழைச்சுக்கினா. என்ன அநியாயம் பாரு!

விடுவேனா? சந்தையில சரி பண்ணிக்கினு வருவா, மறுபடி நெம்புவேன். மறுபடி குலுக்குவா, தட்டுவா, மறுபடி சந்தைக்குப் போவா. 'இந்தக் கத்திக்கு என்ன சனியன் புடிச்சுதோ'ம்பா. நான் பச்சை வலையப் பாப்பேன்.

கடைசியா ஒரு நாள் மாட்டிக்கினேன். அவ சொம்ப மறந்துட்டு திரும்பி வந்துட்டா. என் மடியில அவ கத்தி, என் கையில கொண்டை ஊசி. நின்னு பாத்தா. நானும் தல நிமிந்து பாத்தேன், ஒளிக்கல. வா, வந்து என் மயிரப் புடிச்சு இழு, கத்து, ஊரக் கூட்டு, நானும் இத்தினி நாளா வயித்துல இருக்கிறதெல்லாம் கொட்டறேன்னு தயாரா இருந்தேன். அவ பக்கத்துல வந்து குந்திக்கினா. 'அக்கா, அப்படி நெம்பாத. தகடு ஒடிஞ்சு தெறிச்சா உன் கண்ணுல அடிக்கும். குடு'ன்னா.

திமிரப் பாத்தியா? அவள அறுக்கறதுக்கு நான் பண்ற வேலைய, எனக்கே சரியா பண்ணச் சொல்லித்தரா!

நான் குடுக்கல. கத்திய கீழ வச்சேன். அவ எடுத்துக்கினா. சொம்பையும் எடுத்துக்கினு போய்ட்டா. மொதலாளி கிட்ட சொல்லல. யார் கிட்டயும் சொல்லல. சாயங்காலம் வரைக்கும் வெட்டுனா, நான் கட்டுனேன். ஆனா அன்னையிலேர்ந்து 'சாப்டியாக்கா'வும் இல்ல, 'தள்ளி உக்காருக்கா'வும் இல்ல. நான் பேசாம இருந்தா அது கோவம், மரியாதை. அவ பேசாம இருந்தா அது என்னன்னு சொல்றது? அந்த வெத்து எடத்துல உக்காந்து நாடா கட்டிப் பாரு, தெரியும்.

சீசன் முடிஞ்சதும் மகளுக்குப் பிரசவம்னு இந்தப் பக்கம் வந்தவ, இங்கயே இருந்துட்டா. என்கிட்ட சொல்லிட்டுப் போகல. பக்கத்து ஜோடிக்காரி சொல்லித்தான் எனக்கே தெரியும். எவ்ளோ கொழுப்பு இருந்தா என்கிட்ட சொல்லாம போயிருப்பா? அன்னிக்கு ராத்திரி அழுதேன் பாப்பா. கோவத்துலதான்.

இப்ப கேளு, விசயத்துக்கு வரேன். போன ஞாயித்துக்கெழமை சந்தையில காதர் பாய் என்னைக் கூப்பிட்டாரு. ஒரு துணிய விரிச்சு உள்ளார இருந்து இந்தக் கத்திய எடுத்து வச்சாரு. கீழதான் வச்சாரு, அவருக்கு இருக்கிற வெவரம் அவளுக்கு இல்ல. என்னோட கத்தி. என் விரல வெட்டுன அதே கத்தி. அன்னிக்கு ரத்தத்தோட அவதான் எடுத்துவச்சிருக்கா, எனக்குத் தெரியாது. எங்கயோ தூக்கிப் போட்டிருப்பாங்கன்னு நெனைச்சேன்.

பாய் சொல்றாரு, 'உண்ணாமலை இதை விடாம கொண்டாந்துக்கினே இருந்துச்சும்மா. ஊர மாத்திக்கினு போனதுக்கு அப்புறமும் பஸ்ஸு புடிச்சு சந்தைக்கு வரும். புது தகடு போட்டுக் குடுத்தேன், வெறப்பா இருக்குதுன்னுச்சு. தளத்துனேன், குலுக்கிப் பாத்துட்டு அலகு வெளிய வருது, மடியில ஆகாதுன்னுச்சு. குண்டு உக்கார்ற குழிய மாத்துனேன், இப்ப பூட்டு போதாதுன்னுச்சு. நகத்தால இழுக்கறது வேணாம்னு அலகுல குமிழ் ஒண்ணு வைக்கச் சொல்லுச்சு. எதைக் குடுத்தாலும் ஆள்காட்டி விரல வெறப்பா நீட்டி வச்சுக்கினு, மீதி விரலால புடிச்சு, தொறந்து மூடி தொறந்து மூடிப் பாக்கும். நான் சிரிப்பேன். கடைசியில ஒரு நாள், சரியா இருக்குது பாய், இதைக் குடுத்துருங்க, நான் குடுத்ததா சொல்லவேணாம்னுட்டுப் போச்சு. எனக்கு வாய் நிக்குமா, சொல்லிட்டேன்.'

கேட்டியா? நடுச்சந்தையில, பாய் முன்னாடி, போறவங்க வரவங்க முன்னாடி, என்னை மாதிரியே விரல நீட்டி வச்சுக்கினு நடிச்சுக் காட்டியிருக்கா! பாய் சிரிச்சேன்னு அவரு வாயாலயே சொல்றாரு. என் ஊனத்த வச்சு சந்தைக்கே வேடிக்கை காட்டியிருக்கா. இதுக்கு மேல ஒருத்திக்கு என்ன பண்ணணும்? காய்கறி கூட வாங்காம ஊட்டுக்கு வந்துட்டேன்.

ஒரு வாரமா இந்தக் கத்தியிலதான் வேலை. கொறை கண்டுபுடிக்கத்தான் பாப்பா, வேற எதுக்கு? கொறை இருந்தா அவ மூஞ்சியில விட்டெறியலாமே. நீயே தொறந்து பாரு. ஆள்காட்டி விரல சேக்காம புடி. பெருவிரலால குமிழத் தள்ளு. தொறந்துச்சா? கையில சுத்துச்சா? சுத்தாது. இப்ப சீட்டுக் கம்பியில முதுகுப் பக்கத்தத் தட்டு. பயப்படாம தட்டு. அசையுதா? அசையாது. தகட்ட லேசா தள்ளி மடக்கு. இப்ப தலகீழா புடிச்சுக் குலுக்கு. வருதா? வராது. நானும் ஒரு வாரமா குலுக்கறேன். ஒரு கொறை கூட வைக்காம என்னை அவமானப்படுத்தியிருக்கா.

முந்தாநேத்து மொதலாளி, நான் கொய்யாக்காய் அரியறதப் பாத்துட்டு, 'மாதம்மா, கை வருதே, திரும்ப வெட்ட உக்காரேன்'னாரு. என் இடம் பாப்பா! மாதம்மா ஜோடின்னு திரும்பக் கூப்பிடுவாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? எனக்குக் கட்ட ஆள் இல்லன்னேன். எத்தினி பேரு இருக்காங்க, ஒருத்திய வச்சுக்கன்னாரு. எவளுக்குங்க ஒழுங்கா கட்டத் தெரியும்னேன். தெரியாதுதான். என் வெட்டுக்கு எவ்ளோ இறுக்கணும்னு ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிஞ்சவ இங்க வந்து பேரப்புள்ளைய ஆட்டிக்கினு இருக்கா.

அதான் பாய் கிட்ட அவ ஊட்டுக்கு வழி கேட்டுக்கினு கெளம்பிட்டேன். என்ன பண்ணப்போறேன்னு சொல்லட்டா? இந்தக் கத்திய அவ கையில குடுக்கப்போறேன். கீழ வைக்கமாட்டேன். கையப் புடிச்சு, உள்ளங்கையில வச்சு, அவ விரலையெல்லாம் மடக்கி விடப்போறேன், அவ எனக்குப் பண்ண மாதிரியே. கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்ல? வரட்டும். அவ குடுத்தப்ப நான் ஒருத்தி மட்டுந்தான் இத்தினி நாளா சண்டை போட்டுக்கினு இருந்தேன். இப்ப அவளும் போடணும். வாயத் தொறந்து, ஏண்டி என் கத்திய நெம்புனன்னு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை என்னைக் கேக்கணும். கேக்காம விடமாட்டேன். அப்புறம் இழுத்துக்கினு வந்து என் எதுர்ல உக்கார வச்சு, சீசன் பூரா நாடா கட்ட வைக்கப்போறேன். இதோ பையில புது நாடா சுருள் கூட எடுத்துக்கினு வந்திருக்கேன். வெயில் படற பக்கம் அவளுக்கு. நான் வேகமா வெட்டிப் போட்டுக்கினே இருப்பேன், அவ மூச்சு முட்டக் கட்டணும். அதுதான் அவளுக்குத் தண்டனை. பின்ன, சும்மா விட்டுருவேன்னு நெனைச்சியா?

என்ன, புளியமரமா? ஆமா, அதான். கண்டக்டரே, எறக்கம் இருக்குது! பைய எடு. கொய்யாக்காய் மீதி நீயே வச்சுக்க.

அங்க பாரு, மரத்தடியில செவப்புச் சேலை. அவதான். நான் இன்னிக்கு வரேன்னு இவளுக்கு யாரு சொன்னது? பாய் வேலையாத்தான் இருக்கும், போன்ல சொல்லியிருப்பாரு. எந்த பஸ்ஸுன்னு தெரியாம காலையிலேர்ந்து நிக்கிறா போல, செருப்பெல்லாம் புழுதி. நிக்கட்டும், நல்லா நிக்கட்டும். எளைச்சிருக்கா. மகக்காரி சோறு போடறாளா இல்லியா? ஒவ்வொரு ஜன்னலா எட்டி எட்டிப் பாக்கறா பாரு. தேடு, தேடு. வரேன் இரு.

கத்தி எங்க? உன் கிட்டயா? குடு, குடு. ஏய், கையில குடுக்காத பாப்பா! கீழ வை, சீட்டுல வை, நான் எடுத்துக்கறேன். உன் கூட எனக்கு எதுக்கு சண்டை? இருக்கிற சண்டையெல்லாம் அவளுக்குன்னு வச்சிருக்கேன்.